கெராச்சூட்டுக்கு மண்வெட்டி எதுக்கு?

பினாங்கு தேசியப் பூங்காவுல இருக்கிற கெராச்சூட் கடற்கரையில, ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற மணல்மேட்டை நம்மாளு ஒருத்தர் வெட்டி ஏரியைக் கடலுக்குள்ள வடிச்சுவிட்ட வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேணாம். பார்த்துட்டேன். தெலுக் பாஹாங்லேருந்து ஒன்றரை மணி நேரக் காட்டுப் பாதையில மண்வெட்டியைச் சுமந்துட்டுப் போன உழைப்பைப் பாராட்டத்தான் வேணும்.

அது சும்மா மணல்மேடு இல்லைங்க. ஓடை வாயில அலை மணலைத் தள்ளித் தள்ளி அடைச்ச கதவு. அது மூடியிருந்தாத்தான் உள்ள ஏரியில ஓடையோட நல்ல தண்ணி மேலயும், கனமான உப்புத்தண்ணி கீழயும் கலக்காம நிக்கும். மேல சில்லுன்னு இருக்கும், கீழ வெதுவெதுப்பு.

"ஒரு மண்வெட்டி அகலம்தானே?" ஏரி மட்டம் உயரம், கடல் வத்தின நேரம் வேற. ஓட்டம் அடிமணலை அரிக்கும், பக்கம் பொலபொலன்னு சரியும், சரிஞ்சதையும் தண்ணியே அள்ளிட்டுப் போகும். முதல்ல வாய்க்காலைத் தாண்டிக் குதிச்ச பையன் கடைசியில அக்கரையிலயே நிக்கிறான், பாருங்க.

"மழையில தானா உடையுதே?" உடையும், ஒத்துக்கிறேன். அப்போ ஓடையில வெள்ளம் வரும், ஏரி மறுபடி நிரம்பும். வெயில் காலத்துல வடிச்சுட்டா அடுத்த மழை வரைக்கும் வெறும் மணற்பள்ளம்தான்.

பச்சை ஆமை முட்டையிடுற கரை அது. ஒரு குழியில 100 முட்டைக்குப் பக்கம், சுமார் 2 மாசம் மணலுக்குள்ள கிடக்கணும். தண்ணி புகுந்து நின்னா உள்ளே காத்து போகாது, கரு செத்துடும். கரை சுவர் மாதிரி அரிச்சு நின்னா தாய் ஆமை ஏற முடியாம திரும்பிடும். "முட்டையை இடம் மாத்தலாமே"ன்னு ஒரு மேதாவி. இட்ட சில மணி நேரத்துக்குள்ள மாத்தணும் ஐயா. அப்புறம் கரு ஓட்டுல ஒட்டிக்கும், புரட்டினா போச்சு.

இதைச் சொன்னதுக்கு "நம்மாளுங்க மானத்தை வாங்குறீங்க"ன்னு எனக்கே வசவு. வெள்ளைக்காரன் வெட்டியிருந்தா இந்நேரம் மகஜர் கொடுத்திருப்பீங்க. மேடையில நெய்தல், புன்னைன்னு முழங்குறோம். பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனே ஒரு புன்னை முனைதான். 1786-ல ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இறங்கினப்போ அது தஞ்சோங் பெனாகா. மலாய்ல தஞ்சோங்னா முனை, பெனாகான்னா நம்ம புன்னை. எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, விடுங்க.

வெட்டினவர் கழுத்துல மாலையா கிடந்ததே ஒரு கொடி, கவனிச்சீங்களா? அடப்பங்கொடி. கணுவுக்குக் கணு வேர்விட்டு மேல்மணலைப் பிடிச்சு வைக்கிறதே அதுதான். அதையும் பிடுங்கிட்டாரு.