கழுதை ஆடுங்கள், ரம்மி வேண்டாம்

எங்கள் கரையில் கோடை விடுமுறையும் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாகத்தான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ராமேசுவரம், பாம்பன், மண்டபம் எல்லாப் பக்கமும் படகுகளைக் கரையேற்றி மராமத்து, பெயின்ட் என்று பகல் போய்விடும். நிவாரணமாக வரும் 8000 ரூபாயில் யாரும் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்விட முடியாது. ஆகவே லீவு என்றால் எங்களுக்குச் சீட்டுக்கட்டுதான். ராத்திரியெல்லாம் கடலில் கிடக்கிற சித்தப்பாவும் மச்சானும் சாயங்காலம் வீட்டில் இருப்பதே அப்போதுதானே.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குடும்பமாக உட்கார்ந்தால் கழுதை ஆடுங்கள். ரம்மி வேண்டாம்.

ரம்மி மட்டமான ஆட்டம் என்று சொல்ல வரவில்லை. அது மூணு சீட்டு மாதிரி அதிர்ஷ்டத்தை நம்பியது இல்லை, திறமை வேண்டும் என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அவரவர் 13 சீட்டை அவரவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எதற்கு இத்தனை பேர் ஒரே பாயில்? பேச்சுக் கொடுத்தால் ‘சும்மா இரு, கணக்கு விட்டுப்போகுது’ என்பார்கள். டீ ஆறிப்போவதுதான் மிச்சம்.

கழுதையில் 52 சீட்டையும் பங்கு போட்டுவிட வேண்டும். ஸ்பேடு ஆசு வைத்திருப்பவர் இறக்குவார், மற்றவர்களும் ஸ்பேடே போட வேண்டும். பிறகு பெரிய சீட்டு போட்டவர் அடுத்ததை இறக்குவார். இறக்கிய இனம் கையில் இல்லையா, வேறு சீட்டால் வெட்டலாம். வெட்டு விழுந்தால் அந்தச் சுற்றில் இறக்கிய இனத்தில் பெரிய சீட்டு போட்டவர் மொத்தத்தையும் அள்ள வேண்டும். கை காலியானவர் தப்பித்தார். கடைசியில் சீட்டோடு நிற்பவர் கழுதை.

இங்கே சீட்டைவிட முகத்தைத்தான் பார்க்க வேண்டும். வெட்டு கையில் இருந்தால் எங்கள் அப்பத்தா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளும். விவரம் தெரிந்தவர்கள் உடனே சின்னச் சீட்டுக்கு மாறிவிடுவோம். புதிதாகக் கல்யாணமாகி வந்த அத்தாச்சிக்கு அது எப்படித் தெரியும்? ‘ராஜாவையா எறக்குன, எந்தாயி!’ என்று அப்பத்தா டைமன் ரெண்டைப் பாயில் ஓங்கி அறைய, அத்தாச்சி முந்தானையில் அள்ளியது அத்தனையும். ஆறாவது படிக்கிற பிள்ளை, வாய் திறந்தால் அதட்டுகிற அப்பனையே வெட்டிவிட்டு ‘அள்ளுங்கப்பா’ என்கிறது. வேறு எங்கே அது அப்படிச் சொல்ல முடியும்?

ரம்மி செல்போனுக்குள் சுலபமாகப் போனதும் இதனால்தான் என்பேன். எதிராளி முகமே வேண்டாத ஆட்டத்தை முகம் தெரியாதவனோடு ஆடுவதில் என்ன சிரமம்? கூடவே காசும் சேர்ந்துகொண்டது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்து தமிழ்நாடு சட்டம் போட்டது. அந்தத் தடை ரம்மிக்குப் பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே மத்திய அரசு சட்டம் போட்டு நிறுத்தியது. அதற்குள் அடகுக்குப் போன நகைகள் போனதுதான். அந்த ஆத்திரத்தில் வீட்டிலிருந்த சீட்டுக்கட்டை அடுப்பில் போட்டவர்களையும் எனக்குத் தெரியும். பாவம், அந்தக் கட்டு என்ன செய்தது?

எங்கள் பெரியப்பா மட்டும் 304-க்குத்தான் ஓட்டுப் போடுவார். இலங்கையிலும் பேர்போன ஆட்டம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு இனத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. ஆட்டம் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டாளி துருப்பைத் தப்பாகப் போட்டுவிட்டால் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிடும். புருஷன் பெண்டாட்டியை ஒரு ஜோடியாக உட்கார வைப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

எங்கள் வீட்டில் காசு கிடையாது, புளியங்கொட்டைகூடக் கிடையாது. கழுதை ஆனவர் எல்லார் டீ கிளாசையும் கழுவ வேண்டும். சித்தப்பா, மச்சான் கைகள் கிளாஸ் கழுவி நான் பார்த்ததே இந்த விதி வந்த பிறகுதான். அப்பத்தா இதுவரை ஒரு தடவையும் கழுவியதில்லை. அது பாய்க்கு அடியில் சீட்டைச் சொருகுவது எல்லாருக்கும் தெரியும். கேட்டுப் பாருங்கள், ‘எங்கண்ணு எங்கடா தெரியுது’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் கலைக்க ஆரம்பித்துவிடும்.