பில் மட்டும் போதாது

பழைய போன் வாங்கும்போது பில்லும் பெட்டியும் இருந்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பில்லை யாரும் அரை மணி நேரத்தில் அச்சடித்துவிடலாம் சார். *#06# போட்டால் திரையில் போனின் தனி அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண்தானா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஆங்கிலத்தில் KYM என்று அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி செயலியிலும் பார்க்கலாம். கருப்புப் பட்டியல், டூப்ளிகேட் என்று பதில் வந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்ணையும் சோதிக்க வேண்டும். பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கட்டுரை தொடவே இல்லாத விஷயம் லாக், அதாவது பழைய சொந்தக்காரரின் கணக்கால் போன் பூட்டிக் கிடப்பது. விற்பவரையே நம் கண்முன் ரீசெட் செய்யச் சொல்ல வேண்டும். திரும்ப ஆன் ஆகும்போது பழைய கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ கேட்டால், அதை அவரே நீக்கித் தரும்வரை பணம் கொடுக்கக் கூடாது. "பாஸ்வேர்டை ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்புறேன்" என்பார்கள். வராது.

ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம், முன்பணம் போட்டால் கூரியரில் வரும் என்கிற கதை இன்னும் ஓடுகிறது என்பதுதான் ஆச்சரியம். நேரில் வராதவரிடம் வாங்காதீர்கள். பகலில், ஆள் நடமாட்டமுள்ள கடை வாசலில் சந்தித்து, உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பார்த்துவிட்டு ஜிபே செய்யுங்கள். கையோடு ஒரு சார்ஜரும் பவர் பேங்கும் கொண்டு போனால் சார்ஜ் ஏறுகிறதா என்றும் தெரிந்துவிடும்.