ஒல்லியாக இருந்தால் சர்க்கரை வராதா?

"எஃப்டிஓ சோதனையில் எனக்குக் குண்டு மரபணு இல்லை, ஆளும் ஒல்லி, அதனால் சர்க்கரை நோய் பயமே இல்லை" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி யாரும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

குண்டு மரபணு என்று சொல்லப்படும் எஃப்டிஓ மரபணுவுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு 2007-இல் வெளியானது. அதில் எடையைக் கூட்டும் மாற்றம் இரண்டு பிரதியாக உள்ளவர்கள், இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். அவ்வளவுதான். கொழுப்பு எங்கே போய்ச் சேரும் என்பதைப் பெரும்பாலும் வேறு மரபணுக்கள் தீர்மானிக்கின்றன.

2011-இல் ஐஆர்எஸ்1 மரபணு அருகே ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். அது உள்ளவர்களுக்கு உடல் கொழுப்பு குறைவு. ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, சர்க்கரை நோய் வாய்ப்பும் அதிகம். ஏனென்றால், குறைவது தோலுக்கடியில் உள்ள கொழுப்பு. அதுதான் கொழுப்பைச் சேமித்து வைக்கும் நம் குதிர். அது சிறிதானால் மிச்சம் கல்லீரலுக்கும் குடலைச் சுற்றியும் போய்விடும். எல்எம்என்ஏ என்ற மரபணுவில் சிலவகைக் கோளாறு உள்ளவர்களைப் பாருங்கள்: கைகால் நரம்பு தெரிய மெலிந்திருக்கும், ஆனால் கடுமையான சர்க்கரை நோய், ரத்தத்தில் ஏகப்பட்ட டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு. அது அபூர்வம், சரி. ஆனால் ஒல்லியான கைகாலும் தொப்பையும் நம்மவர்களிடம் சர்வசாதாரணம்.

தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. டேப்பை விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வைத்து, மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், எடை எதுவானாலும் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள்.