18 இஞ்ச், எஸ்.எஸ்., எல்லாத்துக்கும் பொருந்தும்: யார் தலையில கட்டப் பாக்குறீங்க?

கமாடோன்னு சொல்ற செராமிக் கரி கிரில்ல வெளி ஓடு வருஷக்கணக்கா அசையாம நிக்கும். முதல்ல போறது உள்ள இருக்கிற கம்பித் தட்டுதான். சரி, புதுசா ஒண்ணு வாங்கிப் போடலாம்னு தேடினா அங்க ஆரம்பிக்குது வயித்தெரிச்சல். "18 இஞ்ச், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எல்லா கமாடோவுக்கும் பொருந்தும்." அவ்வளவுதான் விவரம். எதோட 18 இஞ்ச்? கிரில் பேர்ல இருக்கிற 18-ஆ, தட்டோட வெளி விட்டமா, தட்டு உட்கார்ற செராமிக் ரிங்கோட உள் விட்டமா? அதைப் பத்தி மூச்சே விடமாட்டாங்க.

பிக் கிரீன் எக் கம்பெனியோட லார்ஜ் மாடலுக்குத் தட்டு 18.25 இஞ்ச். கமாடோ ஜோ கம்பெனியோட கிளாசிக் மாடலுக்கு 18 இஞ்ச். பேச்சுல ரெண்டுமே "18 இஞ்ச் கிரில்"தான். அந்தக் கால் இஞ்ச் 6 மி.மீ.க்கு மேல வருது. தட்டு உட்கார்ற விளிம்பே ஒல்லியாத்தான் இருக்கும், அதுல விரிய விடுற இடம் போக இன்னும் 6 மி.மீ. போனா ஒரு பக்கம் நழுவி கரிமேல சாயும். பிரிமோ கம்பெனியில ஓவல் மாடல் வேற இருக்கு. அதுக்கு வட்டத் தட்டு எப்படிய்யா பொருந்தும்?

கிரில் வந்த பெட்டிமேல போட்டிருக்கிற அளவை நம்பி தட்டு வாங்குறது, தலையை விட்டுட்டு தொப்பி டப்பாவை அளந்த கதைதான். அளக்க வேண்டியது ரிங்கை. தட்டு எந்த மட்டத்துல உட்காருதோ அதே மட்டத்துல, உள் விட்டத்தை மூணு திசையில எடுங்க. சூளையில சுட்ட ஓடு அச்சு வட்டமா வரணும்னு கட்டாயம் இல்லை. மூணுல சின்ன அளவுதான் உங்க கணக்கு, அதுலயும் 6 மி.மீ. கழிச்சுக்கோங்க. 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல 46 செ.மீ. தட்டு ஒண்ணு 300 டிகிரி சூடு ஏறினா சுமார் 2.4 மி.மீ. விரியும். ஓடு அந்த அளவுக்கு விரியாது. இறுக்கி வச்ச தட்டுக்கு விரிய இடம் இல்லைன்னா ரிங் ஓரம் சில்லு பெயரும், இல்லைன்னா தட்டு நடுவுல உப்பிக்கும். பழைய தட்டை அளந்து ஆர்டர் போடாதீங்க, அது ஏற்கெனவே கோணியிருக்கும். கெட்டி அட்டையில வட்டம் வெட்டி உள்ள வச்சுப் பார்த்தா சந்தேகமே மிஞ்சாது.

அடுத்த கூத்து, "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்." எந்த கிரேடு? 304-ல 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும். 430-ல நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது, உப்பும் புளிப்பும் பட்டா சீக்கிரம் துரு புள்ளி விழும். 201-ல நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸைப் போட்டு ஈடு கட்டியிருப்பாங்க. "காந்தம் ஒட்டலையா, அப்போ 304-தான்"னு ஒரு அரைகுறை வைத்தியம் எல்லா இடத்துலயும் சுத்துது. காந்தம் நல்லா ஒட்டினா 430-ன்னு சந்தேகப்படலாம், அது வரைக்கும் சரி. ஆனா 201-லயும் ஒட்டாது. அசல் 304-லயே வளைச்ச இடத்துல லேசா இழுக்கும். கிரேடை எழுத்துல கேளுங்க. எழுதித் தரமாட்டேன்னு சொன்னா அதுவே பதில்.

கம்பி கனம் போடுறாங்களா? அதுவும் கிடையாது. 4 மி.மீ. கம்பிக்கும் 8 மி.மீ. கம்பிக்கும் போட்டோவுல வித்தியாசமே தெரியாது. கையில எடுத்தா தெரியும்: எடை நாலு மடங்கு, வளையாம நிக்கிற வலு பதினாறு மடங்கு. அதனால எடையைக் கேளுங்க. 45 செ.மீ. தட்டு, கம்பிக்குக் கம்பி 10 மி.மீ. இடைவெளின்னு வச்சுக்கிட்டா, 8 மி.மீ. கம்பில நாலு கிலோ பக்கம் வரணும். 4 மி.மீ.ல ஒன்றேகால் கிலோ சொச்சம்தான். "8 மி.மீ. கனம்"னு சொல்லிட்டு எடை ரெண்டு கிலோன்னு போட்டிருந்தா உள்ள வெத்துக் குழாய். கையோட தட்டைத் திருப்பி வெல்டிங்கைப் பாருங்க. வெளி வளையத்துல ஒவ்வொரு கம்பி முனையும் முழுசா ஒட்டியிருக்கணும். புள்ளி வச்ச மாதிரி தொட்டு விட்டது, சூடேறி ஆறி ஏறி ஆறி, ஒவ்வொண்ணா விட்டுக்கும்.

குரோம் முலாம் பத்திப் பேசவே வேண்டாம். பளபளன்னு வரும், உரியும், துருப்பிடிக்கும். எனாமல் பூச்சு கண்ணாடி சமாச்சாரம். கம்பிமேல கம்பி குறுக்கே போற முடிச்சுலதான் முதல் சில்லு பெயரும், அதுக்கப்புறம் துரு உள்ளுக்குள்ளயே ஓடும். இரும்புச் சுரண்டியை அதுமேல வைக்கவே கூடாது. ஆனா அந்தத் தட்டோடவே இரும்புச் சுரண்டியை இலவசமாக் குடுக்குறவங்களை என்ன சொல்றது?

வார்ப்பிரும்பு நல்லதுதான், யாரும் மறுக்கலை. சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும், கறியில சுட்ட கோடு அழுத்தமா விழும். ஆனா செராமிக் கிரில் ஈரத்தை வெளிய விடாது. சமைச்சு முடிச்சு காத்துத் துவாரம் ரெண்டையும் அடைச்சுட்டுப் போனா உள்ள புழுங்கின ஈரத்துல மறுநாளே செம்மண் நிறம் பூத்திருக்கும். சூடு ஆறினதும் துடைச்சு, மெல்லிசா எண்ணெய் தேய்ச்சு வெளிய எடுத்து வைக்கிற பொறுமை இருந்தா வாங்குங்க. சூடா இருக்கும்போது பச்சைத் தண்ணி ஊத்தினா விரிசல் விடும், அதுக்கு எந்த வாரண்டியும் வராது.

இந்த எரிச்சல்லயே சிலர் "எதுக்கு வம்பு"ன்னு பழைய ஃபிரிட்ஜ் கம்பித் தட்டைத் தூக்கி உள்ள வைக்கிறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். பழைய ஃபிரிட்ஜ் தட்டுகள்ல காட்மியம் முலாம் இருந்திருக்கு, அது விஷம். துத்தநாக முலாம் பூசின வலையும் அதே வம்புதான். துத்தநாகம் 419 டிகிரியில உருகும், நல்லா ஊதிவிட்ட கரிக்கு அது ஒரு பெரிய சூடே இல்லை.

தட்டு வந்ததும் நெருப்பு மூட்டாதீங்க. ஒரு தடவை பத்த வச்சுட்டா "பயன்படுத்திய பொருள்"னு திருப்பி எடுக்கமாட்டாங்க. குளிர்ந்த கிரில்ல வச்சு, சுத்தி எங்கயாவது செராமிக் ஓடுமேல முட்டுதான்னு பாருங்க. கைப்பிடி உள்ள தட்டுன்னா மூடியை இறக்கி, கேஸ்கெட்டுக்கு (மூடி ஓரத்து அடைப்புப் பட்டை) நடுவுல ஒரு காகிதத் துண்டை வச்சு இழுங்க. நாலு பக்கமும் பிடிச்சாத்தான் மூடி சரியா உட்கார்ந்திருக்கு. ஒரு பக்கம் சும்மா வழுக்கிட்டு வந்தா தட்டை அப்படியே டப்பாவுல வச்சு அனுப்பிடுங்க.