மேற்கொள்ளப்பட்டு வருகின்றன

"குடிநீர்க் குழாயில் ஏற்பட்டுள்ள பழுதினைச் சரிசெய்வதற்கான பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன என்பது குறிப்பிடத்தக்கது."

இப்படி ஒரு வாக்கியத்தைப் படித்தால் என் கை தானாகவே பேனாவைத் தேடும். பத்துச் சொற்கள். "குடிநீர்க் குழாயைச் சரிசெய்கிறார்கள்" என்று மூன்றே சொற்களில் முடிந்துவிடும். இன்னொன்றும் உண்டு: சரிசெய்வது யார்? 'மேற்கொள்ளப்பட்டு' என்று எழுதிய கணத்திலேயே ஆள் மறைந்துபோகிறார். பொறுப்பும் அவரோடு போய்விடுகிறது. எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இந்த 'மேற்கொள்' என்ற வினை நம் எழுத்தில் புல்லுருவி போலப் படர்ந்திருக்கிறது. ஆய்ந்தார் என்றால் போதாதாம், ஆய்வு மேற்கொண்டார். விசாரித்தார்கள் என்றால் போதாதாம், விசாரணை மேற்கொண்டார்கள். உயிருள்ள வினையைப் பெயராக்கிப் படுக்க வைத்துவிட்டு, அதைத் தூக்கிச் செல்ல வேறொரு வினையை அழைத்து வருகிறோம். 'ஆகும்' இன்னொரு தொல்லை. "இது மிகவும் முக்கியமான ஒன்றாகும்" என்று எழுதுகிறோம். "இது முக்கியம்" என்றாலே தமிழில் முழு வாக்கியம். 'வந்தேன்' என்ற ஒரே சொல்லுக்குள் ஆளும் இருக்கிறது, காலமும் இருக்கிறது. இவ்வளவு சிக்கனமான மொழியை வைத்துக்கொண்டு ஏன் இப்படி ஊதாரித்தனம் செய்கிறோம்?

சொல் கூடினால் மதிப்புக் கூடும் என்ற நம்பிக்கைதான் காரணம் என்று நினைக்கிறேன். எளிதாக எழுதினால் படிக்காதவன் என்று நினைப்பார்களோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் 13ஆம் நூற்றாண்டு நன்னூல், நூலுக்குரிய பத்து அழகுகளைச் சொல்லும்போது சுருங்கச் சொல்லலை முதலிலும் விளங்க வைத்தலை அடுத்தும் வைக்கிறது. பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலுக்கு இரண்டாம் இடம்தான். முதல் குற்றம் குன்றக் கூறல். வேண்டியதை விட்டுவிடுவதும் பிழைதான் என்பதைச் சுருக்கச் சொல்பவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். 'மெல்ல மெல்ல' என்பதில் ஒரு 'மெல்ல'வை வெட்டினால் நடையின் வேகமே மாறிவிடும். 'போனான்' வேறு, 'போய்விட்டான்' வேறு. அந்த 'விட்டான்' மீது கை வைக்கக் கூடாது.

இரண்டு குற்றங்களும் ஒரே தாளில் சேர்ந்திருப்பதை அப்பாவின் கண்புரை அறுவைக்குப் பிறகு பார்த்தேன். மருத்துவமனையில் நான்கு பக்க அறிவுரைத் தாள் கொடுத்தார்கள். "அறுவை சிகிச்சை மேற்கொள்ளப்பட்ட கண்ணில் நீர் படுவதைத் தவிர்ப்பது அவசியமானதாகும் என அறிவுறுத்தப்படுகிறது" என்று இருந்தது. அப்பா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தண்ணீர் படலாமா, கூடாதா?" என்றார். நாற்பது ஆண்டுகள் நாளிதழ் படித்த மனிதர் அவர். அன்றிரவு உட்கார்ந்து முழுவதையும் திருப்பி எழுதினேன். "அறுவை செய்த கண்ணில் தண்ணீர் படக் கூடாது." "கண்ணைக் கசக்கக் கூடாது." எல்லாம் அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது.

எழுதி முடித்தபோதுதான் கவனித்தேன். இரண்டு வகைச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். ஒன்றை விட்டபின் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நான்கு பக்கங்களிலும் இல்லை. மறுநாள் செவிலியரிடம் கேட்டேன். "ஐந்து நிமிடம்" என்றார். அதையும் பெரிய எழுத்தில் சேர்த்து அப்பாவின் கட்டிலுக்கு எதிரே ஒட்டினேன். அதன்பின் மருந்து விடும் நேரத்தில் அவர் யாரையும் அழைக்கவில்லை.