இறக்கம் என்றால் சுலபம் இல்லை
கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் வழிகாட்டியோடு நடக்கும் சுற்றுலா பற்றி உங்கள் கட்டுரையில் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அங்குள்ள சமாரியா பள்ளத்தாக்கை "முழுக்க இறக்கம், யாரும் நடக்கலாம்" என்றதை ஏற்க முடியவில்லை. ஓமலோஸ் அருகே 1,200 மீட்டருக்கு மேல் தொடங்கி, கடற்கரைக் கிராமமான அயியா ரூமேலியில் முடியும் 16 கிலோமீட்டர் அது. ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம். இறக்கமோ முழங்காலையும் கால்விரல் நகங்களையும் பதம் பார்த்துவிடும். தொடக்கத்தில் செங்குத்தான வளைவுகள், பிறகு ஆற்றுப்படுகைக் கற்கள். இதில் செருப்போடு வருகிறவர்கள் வேறு! உள்ளே சாலை கிடையாது. கால் பிசகினால் கோவேறு கழுதைதான் கதி.

வழிகாட்டி அவசியமா? பாதை ஒன்றுதான், தொலைந்துபோக வழியில்லை. பணம் உண்மையில் போவது போக்குவரத்துக்கு: காலையில் மேலே போக பஸ், அயியா ரூமேலிக்குச் சாலை இல்லாததால் படகு, பிறகு மறுபடி பஸ். கடைசிப் படகு நேரத்தைப் பார்த்துக்கொண்டால் இதை நாமே செய்யலாம். தண்ணீரே கிடைக்காத வெள்ளை மலைகளின் (பள்ளத்தாக்கு இருக்கும் மலைத்தொடர்) உச்சிப் பகுதிக்கு மட்டும் கட்டாயம் வழிகாட்டி வேண்டும்.

பள்ளத்தாக்கு ஒரு தேசியப் பூங்கா; மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மழையோ கடும் வெயிலோ என்றால் அப்போதும் மூடுவார்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் படகில் அயியா ரூமேலிக்கு வந்து, கீழிருந்து "இரும்பு வாசல்" என்ற குறுகலான இடம் வரை நடந்து திரும்பலாம். இருபுறமும் சுமார் 300 மீட்டர் பாறைச்சுவர், நடுவே சில மீட்டர் இடைவெளி. பள்ளத்தாக்கிலேயே பார்க்க வேண்டிய இடம் அதுதான்.