பத்து நாளில் தயாரான ஃபியட்டும் பதினொரு மாதக் கூலியும்

நேற்று மத்தியானம் சோற்றில் கை வைத்த நேரத்தில் போன். பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர். "அண்ணே, எங்க தாத்தாவோட அம்பாசடர் ஒண்ணு கொட்டகையில நிக்குது. பொங்கலுக்குள்ள பளபளன்னு வேணும். டிவியில ஒரு வாரத்துல முடிக்கிறாங்க, நீங்க ரெண்டு வாரம்கூட எடுத்துக்கங்க" என்றார். வண்டியைப் பார்க்காமல் நாள் சொல்ல முடியாது, எப்படியும் ஆறேழு மாதம் ஆகும் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிண்ணே, வேற எடத்துல கேட்டுக்குறேன்" என்று வைத்துவிட்டார். அந்த 'சரிண்ணே'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இவன் இழுத்தடிக்கிறவன், ஆளைப் பார்த்துக் காசு பிடுங்குகிறவன் என்று அர்த்தம்.

இந்த மாதத்தில் இது நாலாவது. இருபத்திரண்டு வருடமாகக் கும்பகோணம் பக்கம் கார் பட்டறை நடத்துகிறேன். இதுவரை ஒருத்தரும் என்னைத் திருடன் என்று சொன்னதில்லை. இப்போது போனில், முகம் தெரியாதவர்கள், வாய் திறந்து சொல்லாமல் சொல்கிறார்கள். வயிறு எரிகிறது.

எல்லாம் இந்தக் கார் புதுப்பிக்கிற நிகழ்ச்சிகள் செய்த வேலை. துருப்பிடித்த வண்டி ஒன்று வரும். சுவரில் கடிகாரம் ஓடும். முதலாளி கத்துவார், பையன் ஸ்பேனரை விட்டெறிவான். விளம்பர இடைவேளைக்குச் சரியாக ஒரு நிமிடம் முன்னால் ஏதாவது ஒன்று உடையும். கடைசியில் துணியை விலக்குவார்கள், சொந்தக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். நானும் ஆசையாகப் பார்த்தவன்தான். அமெரிக்கக் கார் வடிவமைப்பாளர் சிப் ஃபூஸ் வெள்ளைத்தாளில் வண்டி வரைவதைப் பார்ப்பதற்காகவே 'ஓவர்ஹாலின்' பார்ப்பேன். அந்தக் கை சத்தியமான கை. ஆனால் 2004-இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சியின் கதை என்ன? சொந்தக்காரருக்குத் தெரியாமல் வண்டியைக் கொண்டுபோவது, திருடுபோய்விட்டது என்று நம்பவைத்து அவரைத் தவிக்கவிடுவது, ஒரு வாரத்தில் புதுசாக்கிக் கையில் கொடுப்பது. அந்த ஒரு வாரத்துக்குள் ஒரு பட்டாளமே இரவு பகலாக வேலை செய்கிறது. பார்க்கிறவர் மனதில் பட்டாளம் நிற்பதில்லை. ஒரு வாரம் மட்டும் நிற்கிறது.

எம்டிவியில் 2004 முதல் 2007 வரை வந்த 'பிம்ப் மை ரைடு' இதைவிட மோசம். அதில் வண்டி கொடுத்தவர்களே பிற்பாடு, 2015-இல், பத்திரிகைக்காரர்களிடம் உண்மையைச் சொன்னார்கள். சில நாள் வேலை போலக் காட்டப்பட்ட வண்டிகள் மாதக்கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தனவாம். கேமராவுக்காகப் பொருத்திய சில சாமான்களைப் படம் பிடித்த பிறகு கழற்றிக்கொண்டார்களாம். வண்டி இருந்ததைவிடக் கேவலமாகக் காட்டப்பட்டதாம். புது வண்டியைப் பார்த்து அமைதியாக நின்ற ஒருவரைத் தனியே கூப்பிட்டு, இன்னும் உற்சாகம் காட்டச் சொன்னார்களாம். இதைப் படித்தபோது எங்கோ அமெரிக்காவில் நடக்கிறது என்று விட்டுவிட்டேன். அது என் பட்டறை வாசலுக்கே வரும் என்று அப்போது தெரியாது.

அதற்கு முன் கூலி விஷயத்தைச் சொல்ல வேண்டும். என் கோபத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. 'வீலர் டீலர்ஸ்' எனக்குப் பிடித்த நிகழ்ச்சி, இப்போதும் சொல்கிறேன். மைக் புரூவர் வண்டி வாங்குவார், எட் சைனா அதைப் பிரித்துப் பொறுமையாகச் சரிசெய்வார். எந்த போல்ட் எதற்கு, எதை எப்படிக் கழற்றுவது என்று சொல்லிக்கொண்டே செய்வார். என் பையன்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது நிறைய. ஆனால் கடைசியில் கணக்குப் போடுவார்கள் பாருங்கள்: வாங்கிய விலை இவ்வளவு, உதிரிபாகம் இவ்வளவு, விற்ற விலை இவ்வளவு, லாபம் இவ்வளவு. எட் சைனா நாள் கணக்கில் முதுகு ஒடியச் செய்த வேலைக்கு அந்தக் கணக்கில் ஒரு வரி கிடையாது! கூலி பூஜ்யம். உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் பார்க்கிற நிகழ்ச்சியில், வேலைக்காரன் கைக்கு விலை இல்லை என்று வாரம்தோறும் எழுதிக்காட்டினார்கள். அதைப் பார்த்து வளர்ந்த ஆள் என் பில்லைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்பது, "ஸ்பேர் சரி, லேபர் எதுக்கு இவ்வளவு?"

2017-இல் எட் சைனா விலகிவிட்டார். ஒர்க்‌ஷாப் காட்சிகள் எடுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்கிறார்கள், அதைக் குறைக்கப்போகிறார்கள், அதற்கு என்னால் ஒத்துக்கொள்ள முடியாது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். வேலையைக் காட்டுவது கஷ்டமாம். அப்படியென்றால் வேலை செய்வது?

சார் ஒருவரின் ஃபியட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற வாத்தியார், திருவாரூர்ப் பக்கம். அவர் அப்பா நெல் வியாபாரம் செய்து வாங்கிய 1968 ஃபியட் 1100, ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் இருக்குமே, அந்த வண்டி. பதினெட்டு வருடமாக அரிசி மில் கொட்டகையில் நின்றது. மாசியில் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பின்சீட்டைத் தூக்கினால் ஒரு மரக்கால் உமி, நடுவில் எலிக்கூடு. தரை விரிப்பை உரித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை அடித்தகட்டில் வைத்து லேசாக அழுத்தினேன். அப்பளம் உடைகிற மாதிரி உள்ளே போனது. மேலே பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. ஒரு காலத்தில் யாரோ துருவுக்கு மேலேயே பட்டி அப்பி, தேய்த்து, வர்ணம் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்பாசடரோ ஃபியட்டோ, இந்த வண்டிகளுக்கு லாரி மாதிரி தனியாக அடிச்சட்டம், அதாவது சேஸி, கிடையாது. உடம்புதான் சேஸி. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு தகடு இற்றுப்போனால் முதுகெலும்பே இற்றுப்போனதாக அர்த்தம். அதை நினைத்த இடத்தில் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. அதனால் வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பிடிப்பு வெல்டிங் போட வேண்டும். ஒரு முழம் வெட்டி, ஒரு முழம் ஒட்டி, கதவை மாட்டி இடைவெளி பார்த்து, கழற்றி, அடுத்த முழம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஐந்து வாரம் ஆனது. அப்புறம் எஞ்சின். அதன் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டும், அதைப் பிடித்திருக்கும் ஸ்டட் கம்பியெல்லாம் துருவில் இறுகிவிட்டது. மூன்று நாள் டீசல் ஊற்றி ஊறவைத்தேன். சூடுபண்ணி, சுத்தியலால் மெதுவாகத் தட்டி, மறுபடி ஊற்றி, மறுபடி தட்டி, கால் சுற்று திருப்பி, கால் சுற்று பின்னால் விட்டு. அப்படியும் ஒன்று முறிந்து எஞ்சின் பிளாக்கிலேயே நின்றது. அதை நடுப்புள்ளி தவறாமல் துளைபோட்டு எடுக்க ஒரு முழுநாள். டிவியில் இந்த மூன்று நாளும் அந்த ஒரு நாளும் எங்கே? ஸ்பேனரை வைப்பார்கள், அடுத்த காட்சியில் ஹெட் மேஜையில் இருக்கும்.

பெயிண்ட் வேலை இன்னும் பொறுமை கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் காற்றையே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அந்த ஈரத்தில் அவசரப்பட்டு அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், இல்லையென்றால் இரண்டு மழை தாண்டியதும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதனால் பெயிண்டுக்கு அடியில் அடிக்கிற சர்ஃபேசரோடு நிறுத்தி, மழை விடும்வரை காத்திருந்தேன். மார்கழி பிறந்ததும், பனி இறங்கி வெயில் ஏறிய பிறகு, மத்தியானத்தில் மட்டும் அடித்தோம். சுவாமிமலையில் ஸ்தபதியிடம் போய் ஒரே வாரத்தில் நடராஜர் வேண்டும் என்று யாராவது கேட்பார்களா? மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டலைப் பூசி, அது காய வேண்டும். காய்வதற்கு ஆகிற நாள் ஆகத்தான் ஆகும். இரும்புக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

தை மாதம் வண்டி தயார். பதினொரு மாதம். மொத்தம் மூன்று லட்சத்து நாற்பதாயிரம், அதில் கூலி மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். வாத்தியார் ஒரு ரூபாய் பேரம் பேசவில்லை. மாதம் இரண்டு முறை பஸ் ஏறி வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்தவர் அவர்.

அப்போதுதான் ஒரு யூடியூப் சேனல்காரர்கள் வந்தார்கள். வாத்தியாரின் சொந்தக்காரப் பையன் சொல்லி வந்தவர்கள். நல்ல வேலை நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் சம்மதித்தேன். வந்ததும் கேட்டது, "அண்ணே, பழைய கண்டிஷன்ல ஷாட் வேணுமே." வண்டி முடிந்துவிட்டதே தம்பி என்றேன். உடனே ஒருவன் போய் வாய்க்கால் சேற்றை வாளியில் அள்ளிக்கொண்டு வந்தான். முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்ட ஃபெண்டரில், பதினொரு மாத வேலையின் மேல், சேற்றையும் ரெட் ஆக்ஸைடையும் பூசலாம் என்கிறான்! கையைப் பிடித்துத் தடுத்தேன். பட்டறையின் பின்னால் கிடந்த வேறொரு வண்டியின் கதவைத் துணைக்கு எடுத்துக்கொண்டு அதைக் காட்டினார்கள்.

அடுத்து என் பையனைக் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயது, என்னிடம் மூன்று வருடமாக வேலை கற்கிறவன். அவன் கார்புரேட்டரைக் கீழே போட வேண்டுமாம், நான் ஓடிவந்து கெட்ட வார்த்தையில் திட்ட வேண்டுமாம். "கை ஓங்கினா இன்னும் நல்லாருக்கும்ணே." எனக்கு ரத்தம் கொதித்தது. நான் வேலை கற்றது நாகூர்ப் பக்கம் ஒரு பாயிடம். நான் முதன்முதலில் ஒரு கேஸ்கட்டைக் கிழித்தபோது பாய் ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த ஸ்கிரேப்பரை வாங்கி, அவரே செய்துகாட்டி, "இப்ப நீ செய்ப்பா" என்று திருப்பிக் கொடுத்தார். பட்டறையில் தப்பு நடந்தால் அப்படித்தான் இருக்கும். மோட்டார் சைக்கிள் செய்கிற 'அமெரிக்கன் சாப்பர்' நிகழ்ச்சியில் அப்பாவுக்கும் மகனுக்கும் நடந்த சண்டையில் நாற்காலி பறந்தது என்றால், அந்தக் குடும்பச் சண்டை கோர்ட் வரைக்கும் போன சண்டை. அதைப் பார்த்துவிட்டு, சண்டை இல்லாத இடத்தில் சண்டை வாங்க வருகிறார்கள். முடியாது, என் பையனை ஊரார் முன்னால் முட்டாளாக்க மாட்டேன் என்றேன். அவர்கள் முகம் சுருங்கிவிட்டது.

ஆனால் என்னால் தடுக்க முடியாமல் போன ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

வாத்தியார் வந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உட்காராமல், ஸ்டீயரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். அவர் அப்பா கை வைத்த இடம். கண் நிறைந்து வழிந்தது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நானும் என் பையனும் தலையைக் குனிந்துகொண்டோம். அப்போது கேமராக்காரர் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.

மாற்றி முடித்ததும், "சார், சூப்பர் சார். அதே மாதிரி இன்னொரு தடவை. வாசல்லேர்ந்து வாங்க, இப்பத்தான் முதல் தடவை பாக்குற மாதிரி. கண்ணைத் தொடைச்சிக்குங்க, கைக்குட்டை இருக்கா?" என்றார்கள். எழுபது வயது மனுஷர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வாழ்ந்தவர். மறுக்கத் தெரியாமல் வாசலுக்குப் போய் நின்றார். மூன்று முறை நடக்கவைத்தார்கள். மூன்றாவது முறை அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நான் அன்றைக்கே கேமராவுக்கு முன்னால் போய் நின்று போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வீடியோ வந்தது. தலைப்பிலேயே 'பத்தே நாளில் உயிர்பெற்ற ஃபியட்'. செலவு எண்பதாயிரம் என்று பெரிய எழுத்தில். எண்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அது ஸ்பேர் கணக்கில் ஒரு பகுதி, முழுசாகப் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார்கள். ஐந்து வார ரன்னிங் போர்டு வேலையில் ஒரு நொடி இல்லை. முறிந்த ஸ்டட் இல்லை. சேறு பூசக் கேட்டது இல்லை. வாத்தியார் மூன்றாவது முறை கண்ணைத் துடைப்பது இருக்கிறது, பின்னால் வயலின்.

என் பெயர், பட்டறை நம்பர் எல்லாம் கீழே போட்டிருக்கிறார்கள். அதனால்தான் போன் வருகிறது. பத்து நாள், எண்பதாயிரம் என்று கேட்டுக்கொண்டு காரைக்காலிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் வருகிறது. என் வாயால் சொல்லாத பொய்க்கு நான் பதில் சொல்கிறேன். இதைப் பார்த்துவிட்டு உண்மையிலேயே பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்று ஒத்துக்கொள்கிற பட்டறைகளும் இருக்கின்றன. துருவின் மேல் பட்டி அப்பி, ஆணி அடிக்கிற அவசரத்தில் வர்ணம் அடித்துத் தருவார்கள். மூன்றாவது மழையில் அந்த வண்டி என்னிடம் வரும். அப்போது பழைய பட்டியைச் சுரண்டவே ஒரு மாதம் ஆகும்.

தலைப்பை மாற்றுங்கள், பதினொரு மாதம், மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்று உள்ளதைப் போடுங்கள், வாத்தியார் அழுகிறதை எடுத்துவிடுங்கள் என்று மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை பார்க்கிறோம் என்றார்கள். இரண்டாவது முறை எடிட்டர் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது முறை எடுக்கவில்லை.

பட்டுக்கோட்டைக்காரரின் நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி பட்டறையைச் சாத்தியதும் அவரைக் கூப்பிடப்போகிறேன். அம்பாசடரை அனுப்ப வேண்டாம், நீங்கள் மட்டும் ஒரு நாள் பஸ் ஏறி வாங்க தம்பி, இங்கே ஒரு வண்டியின் அடித்தகடு வெட்டி வைத்திருக்கிறேன், அதை வந்து கண்ணால் பாருங்கள் என்று சொல்லப்போகிறேன்.